“ஒரு நாள்தானே, இழையை எடுத்துக்கோ” என்று சொல்லும் வீட்டில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பெண். காரைக்குடிக்கு அருகே ஒரு நகரத்தார் வீட்டில் வாழ்க்கைப்பட்டு நான்கு வருடம் ஆகிறது. திருமணம் பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. ஆரம்பத்தில் முகம் கொடுக்காத மாமியார் இப்போது மகளாகவே பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொள்ள வேண்டும், படைப்புக்கு (முன்னோருக்குப் படையல் வைத்துக் கும்பிடும் விசேஷம்) வந்து விழுந்து கும்பிட வேண்டும் என்கிறார்கள். “ஒரு நாள்தானே, மனசுக்குள்ள உங்க சாமியை நினைச்சுக்கோ” என்பது அத்தையின் வாதம். போன வருடம் சண்டை வேண்டாமென்று எடுத்துக்கொண்டுவிட்டார். அன்றிலிருந்து உறுத்தல். இவருடைய அம்மாவோ “இனி அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்” என்கிறார். மூன்று வயதில் ஒரு மகள். இந்த வருடம் என்ன செய்வது?

நான் சாமியார் அல்ல, இறையியல் படித்தவனும் அல்ல. காரைக்குடியில் ஒரு இரும்புக் கடையில் 31 வருடம் கணக்கு எழுதினவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவன். செட்டிநாட்டு வீடுகளுக்குள் ஒரு கிறிஸ்தவன் நடமாடினால் எங்கே இடிக்கும், எங்கே இடிக்காது என்பது ஓரளவு தெரியும். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இழை என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், நாளுக்கு ஒன்றாகப் புதுக் கோடித் துணியிலிருந்து நூலிழை எடுத்துச் சேர்த்து, கடைசி நாள் திரியாக்குவார்கள். இனிப்புச் சேர்த்த அரிசி மாவைப் பிடித்து, நடுவில் அந்தத் திரியை வைத்து, நெய் விட்டு ஏற்றுவார்கள். வீட்டில் மூத்தவர் கையால் ஒவ்வொருவரும் வாங்கி, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வதுதான் இழை எடுத்துக்கொள்வது. ஆவாரம்பூ, பொரி, கருப்பட்டிப் பணியாரம் என்று வீடே மணக்கும். இது வருவது கிறிஸ்துமஸை ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே. நம் வீடுகளில் ஸ்டார் தொங்கும் அதே நாட்களில்தான் உங்களுக்கு இந்தச் சங்கடமும் வருகிறது.

உங்களுக்குப் புனித அருளானந்தரைத் தெரியாமல் இருக்காது. தேவகோட்டையில் பள்ளிக்கூடமே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அவர் கதையை நம் கோவில்களில் சொல்லும்போது வெட்டுப்பட்ட இடத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். எனக்கு அதற்கு முந்திய வருடங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

1647-இல் லிஸ்பனில் பிறந்தவர். சிறு வயதில் போர்த்துகல் அரண்மனையில் இளவரசனோடு பழகி வளர்ந்தவர். இங்கே வந்து காவி கட்டிப் பண்டாரசாமியாக வாழ்ந்தார். கறி மீனை விட்டார். ஜான் டி பிரிட்டோ என்ற பெயரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை, அருளானந்தர் ஆனார். உடை, சாப்பாடு, பேச்சு, தரையில் உட்காரும் விதம் எல்லாம் ஊரோடு போனது. இவருக்கு முன் 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி போட்ட பாதை அது. பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் நாட்டு வழக்கம்தான், வழிபாடு அல்ல என்று அவர் வாதாடி, 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியிடம் அனுமதியே வாங்கிவிட்டார்.

இப்படி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த மனிதரை 1686-இல் மறவர் நாட்டில் பிடித்து, கட்டிவைத்து அடித்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்று. சிவன் பெயரைச் சொல், போகலாம். எத்தனை சுலபம்! மனசுக்குள் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டு வாயால் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. உயிர் பிழைத்து ஐரோப்பாவுக்குப் போனவரை அங்கேயே இருந்துவிடும்படி அரசரே சொல்லியும் கேட்காமல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4, ஓரியூரில் தலை வெட்டப்பட்டது.

அந்தக் கடைசிச் சண்டை எதனால் வந்தது? தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் வாங்கி, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவரான கடலாயி, மறவர் நாட்டு அரசர் சேதுபதிக்கு உறவு. அவர் போய் முறையிட, விஷயம் அரசியலானது. (கடலாயியை நம் பிரசங்கங்களில் வில்லியாக்கிவிடுவார்கள். அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒரு வீட்டில் ஒருவர் விசுவாசத்தில் உறுதியாக நிற்கும்போது அதன் செலவை இன்னொருவர் கட்ட வேண்டிவரும். அதை மறக்காமல் இருப்பது நல்லது.)

இதில் நான் பிடித்துக்கொள்வது இதைத்தான். விடக்கூடியதை எல்லாம் அவர் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே தாராளமாக விட்டுவிட்டார். அதனால் விட முடியாத ஒன்று வந்தபோது, அது பிடிவாதமோ திமிரோ அல்ல என்பது எதிரில் நின்றவர்களுக்கே தெரிந்திருக்கும். இன்றைக்கு ஓரியூருக்குப் போய்ப் பாருங்கள். மொட்டை போடவும் கிடா வெட்டவும் இந்துக் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்தச் செம்மண்ணை மடித்துக்கொண்டு போகிறார்கள். உங்கள் அத்தை வீட்டில்கூட யாராவது பிள்ளைவரம் கேட்டுப் போயிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். “மனசுக்குள்ள நினைச்சுக்கோ” என்பதுதான் இந்த எல்லாக் கேள்விகளுக்கும் மூலம். விவிலியத்தில் இதற்கு இரண்டு பதில் இருக்கிறது. இரண்டும் எதிரெதிர் மாதிரித் தெரியும்.

முதலாவது எலயாசர், மக்கபேயர் இரண்டாம் நூல் 6-ஆம் அதிகாரம். நம் பைபிளில் இருக்கிறது, சீர்திருத்த சபையார் பைபிளில் இராது. தொண்ணூறு வயதுக் கிழவரைப் பன்றிக் கறி தின்னச் சொல்கிறார்கள். அவருக்குப் பழக்கமான அதிகாரிகள் தனியே கூப்பிட்டு, அன்போடு ஒரு வழி சொல்கிறார்கள். உங்களுக்குச் சாப்பிடக்கூடிய கறியை நீங்களே கொண்டுவாருங்கள், பலியிட்டதைத் தின்பதுபோல் பாவனை பண்ணுங்கள், போதும். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, காப்பாற்றத்தான் சொன்னார்கள். கிழவர் மறுத்தார். ‘தொண்ணூறு வயதில் எலயாசர் மாறிவிட்டான் என்று இளைஞர்கள் நினைப்பார்களே’ என்பதுதான் அவர் சொன்ன காரணம். அவர் கவலைப்பட்டது தன் மனசைப் பற்றி அல்ல, பார்த்துக்கொண்டு நிற்பவர்களைப் பற்றி. உங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டு நிற்பவளுக்கு மூன்று வயது.

இரண்டாவது நாமான், அரசர்கள் இரண்டாம் நூல் 5-ஆம் அதிகாரம். சிரியா நாட்டுப் படைத்தலைவன். தொழுநோய் குணமாகி இஸ்ரயேலின் கடவுளை நம்பிவிட்டான். ஆனால் அவனுடைய அரசர் ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது இவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் குனிவார். அரசர் குனிந்தால் இவனும் குனிய வேண்டும். ‘இதை ஆண்டவர் மன்னிப்பாரா?’ என்று எலிசாவிடம் கேட்கிறான். எலிசா ஒரு நீண்ட பிரசங்கம் செய்திருக்கலாம். ‘சமாதானமாய்ப் போ’ என்று மட்டும் சொன்னார்.

எனக்கு இந்த இடம் எப்போதும் குன்றக்குடிப் படிக்கட்டை ஞாபகப்படுத்தும். முழங்கால் வலியுள்ள மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறும் மருமகள். அவர் சன்னதியில் நிற்கும்வரை பக்கத்தில் நிற்கிறாள், அவர் உட்காரும்போது தாங்குகிறாள். அது நாமான் செய்தது. அது சேவை. போங்கள், தாராளமாகப் போங்கள். பிள்ளையார்பட்டிக்கும் போங்கள். அவர்கள் கும்பிடும்போது சும்மா நில்லுங்கள்.

ஆக வித்தியாசம் எங்கே? நாமான் குனிந்தது அவன் அரசருக்காக, அரசருக்கும் அது தெரியும், எலிசாவுக்கும் தெரியும். ஒளிவு இல்லை. எலயாசரிடம் கேட்டதோ மாறிவிட்டதுபோல நடிக்கச் சொல்லி. செயல் என்ன அர்த்தத்தில் செய்யப்படுகிறது, பார்ப்பவர்கள் அதை என்னவென்று எடுத்துக்கொள்கிறார்கள் என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முக்கால்வாசிக் கேள்விகளுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பொட்டு, பூ, கோலம், பொங்கல், குடும்ப விசேஷத்தில் கழுத்திரு (நகரத்தார் பெண்களின் திருமணத் தங்க அணி) அணிவது எல்லாம் எனக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை. நம் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்கள் பொட்டோடுதான் பூசைக்கு வருகிறார்கள். வேறு சபையார் வேறு மாதிரிச் சொல்வார்கள், அவர்களோடு வழக்காட நான் வரவில்லை. திருநீறு? நாமே வருடத்துக்கு ஒரு நாள் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொள்கிறோம், பழைய ஆட்கள் அதை விபூதிப் புதன் என்றே சொல்வார்கள். அருளானந்தர் வெட்டுப்பட்டதும் அந்தப் புதன்கிழமைதான். எனவே சாம்பல் அல்ல விஷயம். சன்னதியில் நின்று தட்டில் எடுத்துப் பூசிக்கொள்வது ஒன்று. நீங்கள் பஸ் ஏறக் கிளம்பும்போது வீட்டு அப்பத்தா நடுங்கும் விரலால் நெற்றியில் ஒரு கீற்று இழுத்துவிடுவது வேறு. அது ஆசீர்வாதம். தெருமுனை தாண்டித் துடைத்துக்கொள்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

படைப்பில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முன்னோருக்குப் புதுச் சேலை, வேட்டி வைத்து, சமைத்ததை இலையில் படைத்து, பங்காளிகள் எல்லாரும் கூடிக் கும்பிடுகிறார்கள். இதன் பாதி நமக்கு அந்நியமே அல்ல. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நாம் செய்வது என்ன? கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பெயர் சொல்லி அழுகிறோம். சீனாவில் இதே மாதிரி முன்னோர் மரியாதை பற்றி இருநூறு வருடத்துக்கு மேல் திருச்சபைக்குள் சண்டை நடந்தது. 18-ஆம் நூற்றாண்டில் கூடாது என்று கண்டிப்பாகத் தடுத்த ரோம், 1939-இல் அது குடும்ப மரியாதைதான், செய்யலாம் என்று சொன்னது. நம் நாட்டிலும் நோபிலி வழக்கங்களை 1744-இல் மறுபடி இறுக்கி, அதற்காகக் குருக்கள் எடுக்க வேண்டியிருந்த பிரமாணத்தை 1940-இல் நீக்கினார்கள். எது வழக்கம், எது வழிபாடு என்று பிரிப்பதில் பெரியவர்களே இத்தனை காலம் தடுமாறியிருக்கிறார்கள் என்றால், நீங்கள் நான்கு வருடத்தில் குழம்பியதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

என் தீர்ப்பைச் சொல்கிறேன், உங்கள் பங்குச் சாமியார் சற்று மாற்றிச் சொன்னால் அவரைக் கேளுங்கள். படைப்புக்குப் போங்கள். முதல் நாளே போய்க் காய் நறுக்குங்கள், சமையுங்கள், பந்தி பரிமாறுங்கள். அந்த முன்னோர்கள் உங்கள் மகளுக்கும் முன்னோர்கள். அவர்கள் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், அவர்களுக்காக உங்கள் வழியில் ஜெபியுங்கள். வேண்டுமானால் அவர்கள் பெயரில் ஒரு பூசை வையுங்கள், அதை அத்தையிடம் சொல்லுங்கள். ஆனால் படையலின் முன் விழுந்து, அவர்களைத் தெய்வமாக வைத்துக் காவலும் வரமும் கேட்பதில் சேராதீர்கள். மற்றவர்கள் விழும்போது கை கட்டி, தலை தாழ்த்தி நில்லுங்கள்.

நிற்பது அவமரியாதை ஆகாதா என்று கேட்பீர்கள். 1980-களில் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மரியாதையாக எழுந்து நின்றார்களே, பாடாதது அவமதிப்பு அல்ல என்று 1986-இல் தீர்ப்பு வந்தது, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். அவர்களுடைய கொள்கை நம் கொள்கை அல்ல, அது வேறு கதை. ஆனால் அந்தப் பிள்ளைகள் உட்காரவில்லை, வெளியே போகவில்லை, முகம் சுளிக்கவில்லை. நீங்களும் அறையை விட்டு ஓடாதீர்கள்.

இழை? இங்கே எனக்குச் சந்தேகம் இல்லை. எடுக்க வேண்டாம்.

காரணம், இழை வேடிக்கை பார்க்கிற சடங்கு அல்ல. பிள்ளையாரை வேண்டி, அந்தச் சுடரையே உள்ளே வாங்கிக்கொள்வது அது. அதைவிட நெருக்கமாக ஒரு வழிபாட்டில் கலந்துகொள்ள முடியாது. பவுல் கொரிந்தியருக்கு எழுதின முதல் கடிதத்தில் 8-ஆம் அதிகாரத்திலிருந்து 10 வரை இதைத்தான் புரட்டிப் புரட்டிப் பேசுகிறார். சந்தையில் விற்கிற கறியைக் கேள்வி கேட்காமல் வாங்கிச் சாப்பிடு, விருந்துக்குக் கூப்பிட்டால் போ, வைத்ததைச் சாப்பிடு. ஆனால் பலிபீடத்துப் பந்தியில் உட்காராதே, நீ ஏற்கெனவே வேறொரு பந்தியைச் சேர்ந்தவன். (அந்த இடத்தில் பவுல் பயன்படுத்தும் சொல் கடுமையானது. அதை எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம் வாசித்துக் காட்டாதீர்கள். அவர் கொரிந்தியருக்கு எழுதினார், காரைக்குடிக்கு அல்ல.)

அத்தையிடம் சொல்ல இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்கு உங்கள் வீட்டுக்காரர் கூட வந்தால், நாமெல்லாம் போய் நன்மை (பூசையில் கொடுக்கும் அப்பம்) வாங்கும்போது அவர் எழுந்து வருவதில்லை அல்லவா? அதை நாம் அவமரியாதையாக நினைப்பதில்லை. நம்பாமல் வாங்கினால்தான் அது அவமரியாதை. “அத்தை, எங்க நன்மை எப்படியோ, உங்களுக்கு இழை அப்படி. ஊமையா வாயில போட்டுக்கிட்டா அது உங்க நோன்புக்கும் மரியாதை இல்ல.” நோன்பை உண்மையாக எடுக்கிற ஒருவருக்கு இது புரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் நான் முதலிலேயே சரியாகச் செய்தேனா என்றால், இல்லை. கடையில் சேர்ந்த முதல் வருடம், விஜயதசமிக் காலை. புதுப் பேரேட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார்கள். சிவப்புத் துணி அட்டை, நான்கு முனையிலும் மஞ்சள், பசை வாசம் இன்னும் போகவில்லை. “கணக்கப்பிள்ளை, சுழி போட்டு ஆரம்பிங்க” என்றார் முதலாளி. பத்துப் பேர் சுற்றி நிற்கிறார்கள். பிள்ளையார் சுழி போட்டேன். ஒரு எழுத்துதானே என்று வருடம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் ஒவ்வொரு தடவை அந்த முதல் பக்கத்தைத் தாண்டும்போதும் கை வேகமாகப் புரட்டியது.

அடுத்த வருடம் வீரம் பொங்கியது. எங்கேயோ ஒரு தியானத்தில் பிரசங்கம் கேட்டு ஏறியிருந்தது. சரஸ்வதி பூசை முடிந்து ஆச்சி தூக்கில் சுண்டல் கொண்டுவந்து ஆளாளுக்கு இலைத்துண்டில் வைத்துக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும், வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், “நாங்க இதெல்லாம் தொடமாட்டோம்” என்றேன். ஆச்சி கையில் கரண்டி அப்படியே நின்றது. ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆளுக்கு நகர்ந்துவிட்டார். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு வழக்கம்போல் அதே தட்டில், அதே அளவு ரசத்தோடு வந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

மூன்றாம் வருடம் பூசைக்குப் பத்து நாள் முன்னால், கடை சாத்துகிற நேரத்தில், முதலாளியிடம் தனியாகப் பேசினேன். முந்தின வருடம் ஆச்சியிடம் பேசின விதத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் சுழி விஷயத்தைச் சொன்னேன். அவர் பூட்டைத் திருகிக்கொண்டே, “அதுக்கென்னங்க, சுழியை நான் போட்டுக்கிறேன். கணக்கை நீங்க ஒழுங்காப் போடுங்க” என்றார். நான் வேலையை விடும் வரை அப்படித்தான் நடந்தது. அந்த வருடம் ஆச்சி தூக்கோடு ஒரு சின்னக் கிண்ணமும் கொண்டுவந்தார். “படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்கு எடுத்து வெச்சுட்டேன்.” நான் அப்படி ஒரு வழி இருப்பதாக யோசித்ததே இல்லை. அவர் யோசித்திருக்கிறார்.

எல்லா முதலாளிகளும் இப்படி இருப்பதில்லை, தெரியும். ஆனால் சுற்றி ஆள் நிற்கும்போது கேட்கப்படும் கேள்விக்கு யாராலும் நல்ல பதில் சொல்ல முடியாது. சொல்பவனுக்கும் முகம் போகும், கேட்பவருக்கும் போகும். அதனால் உங்கள் பேச்சு நோன்பன்று நடக்கக்கூடாது. கார்த்திகைக்கு முன்னாலேயே நடந்தாக வேண்டும்.

இனி போன வருடம் எடுத்துக்கொண்ட இழை. இதற்காக நீங்கள் இத்தனை மாதம் உங்களையே தண்டித்துக்கொண்டிருப்பது எனக்குச் சம்மதமில்லை. கி.பி. 250-இல் ரோமைப் பேரரசன் தேசியு எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்று ஆணை போட்டான். அப்படிப்பட்ட சீட்டுகள் எகிப்து மணலில் இன்றைக்கும் பாப்பிரஸ் துண்டுகளாகக் கிடைத்திருக்கின்றன. ஏராளமான கிறிஸ்தவர்கள் போய்ப் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இன்னும் சிலர் சிறைக்குப் போனார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு விழுந்தவர்கள் திரும்பி வந்து வாசலில் நின்றார்கள். சேர்க்கவே கூடாது என்று நொவாசியன் போன்றவர்கள் நின்றார்கள். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒவ்வொருவருடைய நிலைமையையும் பார்த்து, தவம் செய்ய வைத்துத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். திருச்சபை போனது சிப்ரியன் வழியில்தான். பேதுரு மறுதலித்ததும் வாள் பிடித்தவன் முன்னால் அல்ல, குளிருக்குத் தீ காய்கிற முற்றத்தில், ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட சாதாரணக் கேள்விக்கு முன்னால். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள், அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்கள் திருமணம் 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவானது, கோவிலில் எதுவும் நடக்கவில்லை. நாட்டுச் சட்டப்படி அது முழுத் திருமணம், யாரும் மதம் மாறத் தேவையும் இல்லை. ஆனால் ஆயரின் அனுமதி இல்லாமல் நடந்திருந்தால் திருச்சபைச் சட்டப்படி அது இன்னும் சரிசெய்யப்படாமல் நிற்கிறது. அதனால்தான் பூசையில் நன்மை வாங்க முடியாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் அனுபவத்தில் இப்படி வாழ்க்கைப்பட்ட பெண்கள் விசுவாசத்தை விட்டு விலகுவது மாமியார் வற்புறுத்தலால் அல்ல, இந்தப் பின் பெஞ்சினால்தான். பங்குச் சாமியாரிடம் போங்கள். மதவேறுபாட்டுக்கான தளர்வு வாங்கி எளிய முறையில் கோவிலில் சம்மதம் சொல்லலாம். உங்கள் கணவருக்கு மறுபடி ஒரு சடங்கு பிடிக்கவில்லை என்றால், பழைய சம்மதத்தையே ஏற்று ஆயர் திருமணத்தை மூலத்திலிருந்து செல்லுபடியாக்கும் வழியும் உண்டு, திருச்சபைச் சட்டத்தில் 1161-ஆம் பிரிவு. அவர் கிறிஸ்தவராக வேண்டியதில்லை.

பிள்ளை விஷயத்தில் அந்தச் சட்டம் உங்களிடம் கேட்கும் வாக்கு, ‘என்னால் இயன்றதெல்லாம் செய்வேன்’ என்பதுதான். கணவரிடமிருந்து வாக்கு கேட்பதில்லை, அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே. மகள் அவருக்கும் மகள். நோன்பன்று அவள் என்ன செய்வாள் என்பதை நீங்கள் இருவரும் தனியே பேசி முடிவு செய்துகொண்டு, அப்புறம் அதை அவர் வாயால் அவருடைய அம்மாவிடம் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அது மருமகள் வழக்கு ஆகிவிடும்.

உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். இழைக்காக வாசப்படி மிதிக்காமல் இருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். ஆனால் சாதிக்கொரு கல்லறை, சாதிக்கொரு வரிசை என்று நம் கோவில்களிலேயே நடப்பதற்காக எத்தனை பேர் அந்த வாசலை மிதிக்காமல் இருந்தோம்? 2016-இல் இந்திய ஆயர்களே தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது, இது பாவம் என்று எழுத வேண்டியிருந்தது. ஊரோடு ஒத்துப்போவதில் மிகப் பெரியது எது என்று என்னைக் கேட்டால் இழையைச் சொல்ல மாட்டேன். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. அவர் குரல் உயரும்போது நீங்கள் பயப்படாமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

பேச ஆரம்பிக்கும்போது நோபிலியையும் சிப்ரியனையும் இழுக்காதீர்கள். வேண்டுமானால் மருது சகோதரர்களைச் சொல்லுங்கள், காளையார்கோவில் கோபுரம் எழுப்பினவர்கள்தான் சருகணி தேவாலயத்துக்கும் மானியம் விட்டார்கள். அத்தைக்கு அது பிடிக்கும். முதலில் போன வருடம் எடுத்துக்கொண்டது உண்மையாக இல்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள், ‘உங்ககிட்ட நடிக்க எனக்கு மனசு வரல’ என்று சொல்லுங்கள். உடனே சரி என்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று நாள் பேச்சு குறையும். அந்த நாட்களில் நீங்கள் வழக்கம்போல் பேசுங்கள், காபி கொண்டுபோய்க் கொடுங்கள்.

நோன்பன்று அடுப்படி வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கருப்பட்டிப் பணியாரத்துக்கு மாவு இளகிவிட்டால் எண்ணெயில் விட்டதும் பிரிந்துபோகும். பதம் உங்களுக்குத் தெரிந்தாலும் அத்தையிடமே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஈடு எடுத்ததும், படைக்கப் போவதற்கு முன்னாலேயே, உங்களுக்கும் பேத்திக்கும் நாலு பணியாரத்தைத் தனியாக ஒரு தட்டில் எடுத்துவைக்கட்டுமா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.